ஜார்ஜியச் செங்கல் வீடும் தமிழகச் சுண்ணாம்பும்: புனித ஜார்ஜ் கோட்டை முதல் வாழப்பாடிச் சமவெளி வரை

ஆய்வுச் சுருக்கம்

இங்கிலாந்தை 1714 முதல் 1830 வரை ஜார்ஜ் என்னும் பெயருடைய நான்கு மன்னர்கள் தொடர்ந்து ஆண்டனர். அக்காலத்தில் இலண்டனிலும் பிற நகரங்களிலும் எழுந்த செங்கல் தெரு வீடுகளின் கட்டடமுறை அம்மன்னர்களின் பெயரால் ஜார்ஜியப் பாணி எனப்படுகிறது. அதே நூற்றாண்டில் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையிலும் அப்பாணியின் சாயலில் வீடுகள் எழுந்தன. அவற்றின் முகப்பு ஆங்கிலேய இலக்கணத்தைப் பின்பற்றியது. சுவர், பூச்சு, கூரை ஆகிய மூன்றும் தமிழகக் கட்டுமான மரபைச் சார்ந்திருந்தன. முகப்பை மட்டும் கொண்டு ஒரு கட்டடத்துக்குப் பெயரும் காலமும் குறிப்பதால் நேரும் பிழைகளை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. சேலம் மாவட்டம் வாழப்பாடி, பேளூர், ஆத்தூர்ப் பகுதிகளிலுள்ள பழைய செங்கல் கட்டடங்களை ஆராய்வோர் கைக்கொள்ளத்தக்க அளவைகளையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: ஜார்ஜியப் பாணி, செங்கல், கிளிஞ்சல் சுண்ணாம்பு, மெட்ராஸ் டெரஸ், புனித ஜார்ஜ் கோட்டை, ஆத்தூர்க் கோட்டை, வாழப்பாடி.

முன்னுரை

1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாரமகாலையும் சேலம் பகுதியையும் கிழக்கிந்தியக் கும்பினிக்கு விட்டுக்கொடுத்தார். அலெக்சாந்தர் ரீடு இப்பகுதியின் ஆட்சிப் பொறுப்பேற்க, அவருடைய உதவியாளர்களுள் ஒருவராகத் தாமசு மன்றோ பணியாற்றினார். ஆகவே வாழப்பாடிச் சமவெளி ஜார்ஜியக் காலத்தின் இறுதி 38 ஆண்டுகளைக் கும்பினி ஆட்சியின்கீழ்க் கழித்தது. எனினும் இச்சமவெளியில் ஜார்ஜியத் தெரு எதுவும் உருவாகவில்லை. அப்பாணியின் செங்கல் வீட்டைத் தமிழகத்தில் காண வேண்டுமாயின் சென்னைக் கோட்டைக்கே செல்ல வேண்டும்.

அவ்வாறாயின் வாழப்பாடியிலிருந்து இப்பொருளை ஆராய்வதற்குக் காரணம் யாது? சேலம் நாட்டுப்புறங்களில் தடித்த செங்கற்சுவரும் வளைவு வாயிலும் காரைத்தளமும் உடைய வீட்டை 'வெள்ளைக்காரர் காலத்து வீடு' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடும் வழக்கம் உண்டு. மாடியும் தளமும் உடைய வீட்டை 'மெத்தை வீடு' என்று வழங்கும் மக்கள் வழக்கும் இங்கு உள்ளது. முதற்பெயர் கட்டடத்தை ஆட்சியாளரோடு இணைக்கிறது. இரண்டாம் பெயர் கட்டுமுறையோடு இணைக்கிறது. இவ்விரண்டில் எது சான்றுக்கு நெருக்கமானது என்பதே இக்கட்டுரையின் வினா. இவ்வினாவுக்கு விடை காண, பாணியின் பிறப்பிடத்தையும் அது சென்னையில் அடைந்த மாற்றத்தையும் முதலில் நோக்குவோம்.

இலண்டன் தெரு வீட்டின் இலக்கணம்

1666ஆம் ஆண்டுப் பெருந்தீயில் இலண்டன் நகரின் மரவீடுகள் எரிந்தழிந்தன. அடுத்த ஆண்டு இயற்றப்பட்ட மறுகட்டுமானச் சட்டம் புறச்சுவர்களைச் செங்கல்லாலோ கருங்கல்லாலோ கட்டப் பணித்தது. வீடுகளை நான்கு வகையாகவும் பகுத்தது. 1707ஆம் ஆண்டுச் சட்டம் கூரையோரத்து மர இறவாணங்களைத் தடைசெய்ததால், கூரை விளிம்பை மறைத்து உயரும் கைப்பிடிச்சுவர் பரவியது. 1709ஆம் ஆண்டுச் சட்டம் சன்னற் சட்டத்தைச் சுவரின் வெளிமுகத்திலிருந்து நான்கு அங்குலம் உள்ளே அமைக்கச் செய்தது. ஜார்ஜிய முகப்பின் அமைதியான தோற்றத்துக்கு அழகுணர்ச்சியோடு தீயச்சமும் காரணம் என்பதை இச்சட்டங்கள் உணர்த்துகின்றன.

1774ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டம் இவ்வொழுங்கை முழுமையாக்கியது. 850 பவுனுக்கு மேற்பட்ட மதிப்பும் 900 சதுர அடிக்கு மேற்பட்ட தரைப்பரப்பும் உடையது முதல்தர வீடு. 150 பவுனுக்குக் குறைந்த மதிப்பும் 350 சதுர அடிக்குக் குறைந்த பரப்பும் உடையது நான்காம் தர வீடு. ஒவ்வொரு தரத்துக்கும் சுவரின் கனம் வரையறுக்கப்பட்டது. அண்டை வீடுகளுக்கிடையே தீ பரவாதிருக்கப் பொதுச்சுவர் கூரைக்கு மேலும் உயர்த்தப்பட்டது. 

இவ்வீடு அகலம் குறைந்தது, ஆழமும் உயரமும் மிக்கது. முதல் மாடியில் விருந்தறை அமைந்ததால் அம்மாடியின் சன்னல்கள் உயரமாகவும், மேலே செல்லச் செல்லக் குட்டையாகவும் இருந்தன. செங்கற்கள் பெரும்பாலும் பிளெமிய அடுக்கில், அதாவது ஒரே வரிசையில் நீளமுகமும் தலைமுகமும் மாறிமாறி வரும்படி, வைக்கப்பட்டன. கிரேவன் தெருவின் 36ஆம் எண் வீடு இதற்குத் தக்க சான்று. ஏறத்தாழ 1730இல் எழுந்த அவ்வீட்டில் பெஞ்சமின் பிராங்கிளின் 1757க்கும் 1775க்கும் இடையே நெடுங்காலம் குடியிருந்தார்.

அரசின் வரியும் வீட்டின் உருவைப் பாதித்தது. 1696 முதல் 1851 வரை நடைமுறையில் இருந்த சன்னல் வரிக்கு அஞ்சிச் சன்னல்களைச் செங்கல்லால் அடைத்தோர் உண்டு. அமெரிக்கப் போரின் கடனை ஈடுசெய்ய 1784இல் ஆயிரம் செங்கல்லுக்கு இரண்டரை ஷில்லிங் வரி விதிக்கப்பட்டது. அவ்வரி 1850இல்தான் நீங்கியது. சட்டம், வரி, நிலவாடகை ஆகிய மூன்றும் கூடி வகுத்த உருவமே ஜார்ஜியத் தெரு வீடு. அது கடல் கடந்தபோது இம்மூன்றும் அதனுடன் வரவில்லை.

கோட்டைக்குள் வந்த வீடு

புனித ஜார்ஜ் கோட்டை நெய்தல் நிலத்தில் அமைந்தது. உப்புக்காற்று, வடகிழக்குப் பருவமழை, கோடை வெயில், கறையான் ஆகியவற்றை எதிர்கொள்ள வேண்டிய நிலை அங்கு இருந்தது. வீட்டின் தரைத்தளம் சரக்குக்கும் அலுவலுக்கும் பயன்பட, குடும்பம் காற்றோட்டமுள்ள மேல்தளத்தில் வாழ்ந்தது. முதல் மாடியை முதன்மைப்படுத்தும் இலண்டன் வழக்கம் இங்கு வேறொரு தேவைக்குப் பொருந்தியது.

இக்கோட்டை வீடுகளுள் இன்று 'கிளைவ் இல்லம்' எனப்படுவது ஆராயத்தக்கது. சார்லசு தெருவிலுள்ள இக்கட்டடம் ஆர்மீனிய வணிகருக்கு உரியதாக இருந்தது. 1746இல் சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுக்காரர் 1749இல் அதனைத் திருப்பியளித்த பின்னர் இவ்வீடு கும்பினியின் வசமாயிற்று. கடற்படைத் தலைவர்களின் தங்குமிடமானதால் 'அட்மிரால்டி ஹவுஸ்' என்ற பெயர் பெற்றது. இராபர்ட் கிளைவ் 1753இல் கோட்டையிலுள்ள தூய மேரி ஆலயத்தில் மார்கரெட் மசுக்கலினை மணந்தார். அக்காலத்தில் அவர் இவ்வீட்டில் தங்கினார் என்னும் மரபால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஆர்மீனிய வணிகரின் வீடு ஆங்கிலப் படைத்தலைவரின் பெயரைச் சுமந்து நிற்பது இங்குக் கருதத்தக்கது.

கோட்டைக்கு வெளியேயும் இவ்வாறே நிகழ்ந்தது. கும்பினி 1753இல் வாங்கிய அரசினர் இல்லம், போர்த்துக்கீசிய மரபினரான மெடிராசு குடும்பத்தாரின் தோட்ட வீடாக இருந்தது. இராபர்ட் கிளைவின் மகனும் சென்னை ஆளுநருமான எட்வர்டு கிளைவின் காலத்தில் வானியலாளரும் பொறியாளருமான ஜான் கோல்டிங்காம் அதனைப் புதுப்பித்தார். சீரங்கப்பட்டண வெற்றியின் நினைவாக அதனருகே விருந்து மண்டபத்தையும் எழுப்பினார். 1802இல் திறக்கப்பட்ட அம்மண்டபம், சேலத்தில் வழக்கறிஞராகத் தொழில் செய்து அந்நகராட்சியின் தலைவராகவும் விளங்கிய இராசாசியின் பெயரால் இன்று வழங்குகிறது. அரசினர் இல்லமோ இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதிய சட்டமன்ற வளாகத்துக்காக இடிக்கப்பட்டது.

சுவரும் பூச்சும்

இலண்டன் வீடு தன் செங்கல்லை வெளியே காட்டியது. சென்னை வீடு அதனை முழுவதும் மூடியது. இவ்வேறுபாட்டுக்குப் பொருட்களின் தன்மையே காரணம். அன்றைய நாட்டுச் செங்கல் மெல்லியது. சூளைக்குச் சூளை சூடு வேறுபட்டமையால் நீரை உறிஞ்சும் தன்மையிலும் வேறுபட்டது. உப்புக்காற்றிலும் பருவமழையிலும் அதனைத் திறந்து வைத்தல் இயலாது. ஆகவே காரைப்பூச்சு அதற்குக் கவசமாயிற்று.

சென்னைப் பூச்சின் சிறப்பு அதன் சுண்ணாம்பில் உள்ளது. பழவேற்காடு, எண்ணூர்க் கழிமுகங்களில் கிடைத்த கிளிஞ்சல்களைக் காளவாயில் சுட்டு, நீற்றி, சலித்து, நாட்கணக்கில் ஊறவைத்து அரைத்தனர். 1806இல் எண்ணூரையும் சென்னையையும் இணைத்த காக்ரேன் கால்வாய் சரக்குப் போக்குவரத்தை எளிதாக்கியது. சுவரில் முதற்பூச்சு மணல் கலந்தது. அடுத்தது மெல்லிய மணல் உடையது. இறுதிப்பூச்சில் தூய சுண்ணாம்போடு முட்டையின் வெண்கரு, நெய், தயிர் முதலியவற்றைச் சேர்த்தனர். பின்னர்க் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றினர். ஐரோப்பியப் பயணிகள் இதனைச் சலவைக்கல்லுக்கு ஒப்பிட்டு வியந்துள்ளனர்.

இவ்விடத்தில் இலண்டனின் பிற்கால வரலாற்றையும் நினைவுகூர வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அந்நகரும் செங்கல்லைப் பூச்சால் மறைக்கத் தொடங்கியது. 1796இல் ஜேம்சு பார்க்கர் 'உரோமன் சிமெண்டு' என்னும் பூச்சுப்பொருளுக்குக் காப்புரிமை பெற்றார். ஜான் நேஷ் ரீஜண்டு பூங்காவைச் சுற்றி எழுப்பிய வீடுகள் பூச்சு முகப்பு உடையன. எனவே வெண்ணிற முகப்பு முழுவதும் இலண்டனிலிருந்து சென்னைக்கு வந்தது என்று கொள்வதற்கில்லை. பூசி மெருகேற்றும் கலை அதற்கு முன்பே தமிழகத்தில் முதிர்ந்திருந்தது. 1636இல் எழுந்த மதுரைத் திருமலை நாயக்கர் மகாலின் வளைவுகளும் விதானங்களும் செங்கல்லாலும் சுதையாலும் ஆனவை.

கூரை

இலண்டன் வீட்டின் கூரை சாய்வானது. பலகைக்கல்லாலோ ஓட்டாலோ வேயப்பட்டது. சென்னை வீட்டின் கூரை தட்டையானது. பிற்காலப் பொறியியலார் 'மெட்ராஸ் டெரஸ்' என்று பெயரிட்ட இக்கட்டுமுறை பின்வருமாறு அமைந்தது.

முதலில் சுவரிலிருந்து சுவருக்குத் தேக்கு உத்திரங்களும், அவற்றின் குறுக்கே சிறு விட்டங்களும் பதிக்கப்பட்டன. அடுத்து, ஏறத்தாழ 6 அங்குல நீளமும் 3 அங்குல அகலமும் 1 அங்குலக் கனமும் உடைய சிறு செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் தோய்த்து, விட்டங்களுக்குக் குறுக்கே மூலைவாட்டத்தில் செங்குத்தாக அடுக்கினர். கொத்தனார் அறையின் ஒரு மூலையிலிருந்து தொடங்கி, முன் அடுக்கிய கல்லோடு அடுத்த கல்லை ஒட்டிச் செல்வார். கலவையின் பிடிப்பு கல்லைத் தாங்கியதால் கீழே பலகைச்சாரம் தேவைப்படவில்லை. அதன்மேல் செங்கற்சல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக அமர்ந்து மரக்கட்டையால் நாட்கணக்கில் அடித்து இறுக்கினர். இறுதியாகத் தட்டோடுகளைப் பதித்து நீரோட்டம் அமைத்தனர்.

இலண்டன் சட்டம் குறிப்பிட்ட செங்கல் ஏறத்தாழ 8½ அங்குல நீளமும் 4 அங்குல அகலமும் 2½ அங்குலக் கனமும் உடையது. அக்கல்லைக் கொண்டு இக்கூரையை அமைக்க இயலாது; அதன் எடையைச் சுண்ணாம்பின் ஈரப்பிடிப்புத் தாங்காது. ஆகவே கூரையின் வடிவம் செங்கல்லின் அளவைச் சார்ந்தது. செங்கல்லின் அளவு கொத்தனாரின் கையைச் சார்ந்தது. கோட்டையின் பழைய பரிவர்த்தனைக் கட்டடம் 1790களில் எழுந்தது. இன்று அருங்காட்சியகமாக விளங்கும் அக்கட்டடத்தின் உச்சியில்தான் சென்னையின் முதல் கலங்கரை விளக்கம் 1844 வரை எரிந்தது. கூரை உச்சியையும் பயனுள்ள தளமாகக் கொள்ளும் வழக்கம் இக்கட்டுமுறையோடு பிணைந்தது.

சன்னலும் ஆளோடியும்

ஜார்ஜிய வீட்டின் அடையாளம் மேலும் கீழும் நகரும் கண்ணாடிச் சன்னல். சென்னையில் கண்ணாடி அரிது. வெயிலைத் தடுத்துக் காற்றை விடுவதே தேவை. எனவே சாய்த்துப் பொருத்திய மரச்சட்டங்களாலான கதவுகளும் பிரம்புப் பின்னல்களும் கண்ணாடியின் இடத்தைப் பெற்றன. சன்னலின் நீள அகல விகிதம் மட்டும் இலண்டனுக்கு உரியதாக எஞ்சியது. சுவரின் முன்னே தூண்நிரை எழுந்து ஆளோடியாயிற்று. கிரேக்க, உரோமானிய வடிவில் அமைந்த அத்தூண்களின் பயன் திண்ணைக்கு மேலமைந்த தாழ்வாரத்தின் பயனே: சுவரை வெயிலிலிருந்தும் சாரலிலிருந்தும் காத்தல்.

பொறியாளர் கற்ற பாடம்

உள்நாட்டு முறைகளை ஆங்கிலேயப் பொறியாளர்கள் அறிந்தே ஏற்றுக்கொண்டனர் என்பதற்குத் தாமசு டி ஹாவிலண்டின் பணிகள் சான்றாகும். அவர் 1808இல் சீரங்கப்பட்டணத்தில், தட்டையான செங்கல் வளைவு நெடுந்தொலைவு தாங்கும் என்பதை மெய்ப்பிக்க, ஒரு தனிவளைவைக் கட்டிக்காட்டினார். பின்னர்ச் சென்னை எழும்பூரில் 1818 முதல் 1821 வரை தூய ஆண்ட்ரூ ஆலயத்தை எழுப்பினார். அவ்விடம் நீர் ஊறும் தளர்ந்த நிலம். ஆதலால் தமிழகத்தில் கிணறு வெட்டுவோர் உறை இறக்கும் முறையைப் பின்பற்றி, வரிசையாகக் கிணறுகளை இறக்கி, அவற்றை நிரப்பி, அவற்றின்மேல் அடித்தளம் அமைத்தார். ஏறத்தாழ 51 அடி விட்டமுள்ள செங்கல் விதானம் அவ்வடித்தளத்தின்மேல் நிற்கிறது. ஆலயத்தின் உருவம் இலண்டன் ஆலயமொன்றை நினைவூட்டுவது. அதனைத் தாங்குவது உறைக்கிணற்றின் அறிவு. பொறியாளரின் பெயர் நூல்களில் நிலைத்துள்ளது. உறை இறக்கியோர், காளவாய் எரித்தோர், தளம் அடித்த பெண்கள் ஆகியோரின் பெயர்கள் நிலைக்கவில்லை.

வாழப்பாடிச் சமவெளியில் முந்தைய சான்று

வாழப்பாடிக்குக் கிழக்கே, வசிட்ட நதிக்கரையில், ஆத்தூர்க் கோட்டை உள்ளது. கெட்டி முதலிகள் காலத்தோடு தொடர்புபடுத்தப்படும் அக்கோட்டையினுள் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் வளைவுக்கூரை இட்ட கட்டடங்கள் நிற்கின்றன. 1792க்குப் பின்னர்க் கும்பினிப் படை அங்குத் தங்கியது. ஆகவே வாழப்பாடிச் சமவெளிக்குச் செங்கல் வளைவையும் காரைப்பூச்சையும் கும்பினி அறிமுகப்படுத்தவில்லை. முன்பே கட்டப்பட்டு நின்ற வளைவுகளின் நிழலில் வந்து தங்கியது.

பொருளில் ஒரு வேறுபாடு உண்டு. கடற்கரையில் கிளிஞ்சல் கிடைக்க, உள்நாட்டில் நிலத்தடியில் திரளும் சுக்கான்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கினர். கிளிஞ்சல் சுண்ணாம்பின் வெண்மை இதற்கு இல்லை. மண்கலப்பால் சற்று மங்கிய நிறமும், அதே கலப்பால் ஈரத்திலும் இறுகும் தன்மையும் இதற்கு உண்டு. காரையின் நிறமும் அதில் எஞ்சிய துகள்களும் கட்டடத்தின் ஊரை அறிவிக்கும் சான்றுகளாகின்றன.

காலக்கணிப்புக்குரிய அளவைகள்

மேற்கண்டவற்றிலிருந்து, சேலம், நாமக்கல் சமவெளியின் பழைய செங்கல் வீடுகளை ஆராய்வோர்க்கு உதவும் ஐந்து அளவைகளைத் தொகுக்கலாம்.

1. செங்கல் அளவு. பூச்சு உதிர்ந்த இடத்தில் நீளம், அகலம், கனம் ஆகியவற்றைப் பல கற்களில் அளந்து சராசரி காண வேண்டும். கூரைக்கல்லையும் சுவர்க்கல்லையும் தனித்தனியே பதிவு செய்தல் வேண்டும்.

2. காரையின் தன்மை. கிளிஞ்சல் துண்டுகள் உள்ளனவா, சுக்கான்கல் துகள்கள் உள்ளனவா என்பதை நோக்க வேண்டும். உள்நாட்டுக் கட்டடத்தில் கிளிஞ்சல் காரை இருப்பின், அது தொலைவிலிருந்து பொருள் வரவழைத்த செல்வத்தைக் காட்டும்.

3. முகப்பும் பக்கச்சுவரும் சேருமிடம். இரண்டின் கற்களும் ஒன்றனுள் ஒன்று கோத்திருப்பின் அவை ஒரே காலத்தன. நேர்கோட்டு இணைப்பு இருப்பின் முகப்போ பக்கச்சுவரோ பின்னர்ச் சேர்க்கப்பட்டிருக்கக்கூடும். பழைய வீட்டுக்குப் புதிய 'ஐரோப்பிய' முகப்பு ஒட்டப்பட்டதா என்பதை அறிய இதுவே தக்க வழி.

4. கூரையின் தாங்கிகள். தேக்கு விட்டங்களும், ஆலை முத்திரை பொறித்த இரும்பு உத்திரங்களும் வெவ்வேறு காலத்தன. பிந்தையவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியையோ அதற்குப் பிற்பட்ட காலத்தையோ சுட்டும்.

5. ஓடு. பேசல் மிசன் மங்களூரில் 1865இல் ஓட்டாலை தொடங்கியது. மங்களூர் ஓடு வேய்ந்த கூரை அவ்வாண்டுக்குப் பிற்பட்டதாகவே இருக்க வேண்டும்; சுவர் அதற்கு முற்பட்டதாக இருத்தல் கூடும்.

இவ்வளவைகளுள் எதுவும் தூணின் தலையமைப்பையோ வளைவின் வடிவையோ சாரவில்லை. முகப்பின் வடிவத்தை எக்காலத்திலும் பார்த்துப் பின்பற்றலாம். சுவரின் உட்பகுதி அவ்வாறு எளிதில் பொய் கூறாது.

பழுதுபார்ப்பில் நேரும் பிழை

பெயரிடுதலில் நேரும் பிழை பழுதுபார்ப்பிலும் தொடர்கிறது. 'ஆங்கிலேயர் கட்டடம் உறுதியானது; சிமெண்டு பூசினால் மேலும் உறுதியாகும்' என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லாந்து சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றது 1824இல், அதாவது ஜார்ஜியக் காலம் முடிவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்னர். இந்தியாவில் சிமெண்டு உற்பத்திக்கான தொடக்க முயற்சி 1904இல் சென்னையில் நடைபெற்றது. அதற்கும் கடற்கிளிஞ்சலே மூலப்பொருளாயிற்று. எனவே இங்கு ஆராயப்பட்ட வீடுகள் எவையும் சிமெண்டை அறியா.

சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி மீண்டும் காற்றில் விடும். அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்குகிறது. கரைந்த உப்பு பூச்சுக்குப் பின்னே படிகமாகிச் செங்கல்லின் முகத்தை உதிர்க்கிறது. சுவரில் பதிந்த விட்டங்களின் முனைகள் உளுத்துப்போகின்றன. தட்டைக்கூரையின் மேல் சிமெண்டுத் தளம் இடுவதால் எடையும் கூடுகிறது. வெளியே உறுதியாகத் தோன்றும் சுவர் உள்ளே வலுவிழந்து, ஒரு மழைக்காலத்தில் சாய்கிறது. பின்னர் 'பழைய கட்டடம், இடிப்பதே வழி' என்னும் முடிவுக்கு அச்சரிவே சான்றாகக் காட்டப்படுகிறது. சுண்ணாம்பால் கட்டியதைச் சுண்ணாம்பாலேயே பேண வேண்டும் என்பது பாதுகாப்புத் துறையினர் ஏற்றுக்கொண்ட நெறி. அந்நெறி சிற்றூர் வீடுகளுக்கும் எட்ட வேண்டுமாயின், காளவாயும் கலவையும் அறிந்த கொத்தனார்களின் தொழிலறிவு எஞ்சியிருக்கும்போதே பதிவு செய்யப்படல் வேண்டும்.

முடிவுரை

ஜார்ஜியச் செங்கல் தெரு வீடு இலண்டனின் தீச்சட்டத்தாலும் வரியாலும் நிலவாடகையாலும் உருவானது. சென்னைக்கு வந்தபோது அதன் முகப்பு விகிதமும் மேல்தளச் சிறப்பும் நிலைத்தன; செங்கல்லின் அளவு, பூச்சு, கூரை, சன்னல், அடித்தளம் ஆகியவை தமிழகக் கட்டுமான அறிவால் மாற்றப்பட்டன. அவ்வீடுகளுள் பெயர்பெற்ற சிலவற்றின் முன்னைய உரிமையாளர்களும் ஆங்கிலேயர் அல்லர். இச்சமவெளியின் செங்கல் வளைவுக் கலை கும்பினிக்கு முற்பட்டது என்பதற்கு ஆத்தூர்க் கோட்டை சான்று பகர்கிறது.

ஆகவே 'வெள்ளைக்காரர் காலத்து வீடு' என்னும் பெயர் ஆய்வின் தொடக்கமாக இருக்கலாம்; முடிவாக இருத்தல் கூடாது. மக்கள் வழங்கும் 'மெத்தை வீடு' என்னும் பெயரே கட்டுமுறையை நேரே சுட்டுவதால் சான்றுக்கு நெருக்கமானது. வாழப்பாடி, பேளூர், ஆத்தூர் வட்டாரங்களில் எஞ்சியுள்ள இத்தகைய வீடுகளை மேற்கூறிய ஐந்து அளவைகளின்படி பட்டியலிடுதல் அடுத்த ஆய்வாளர்களின் பணியாகும். இடிப்பதற்கு முன் ஒரு செங்கல்லை அளந்து குறித்து வைப்பது எளிய செயல். இடித்தபின் அதனைச் செய்ய இயலாது.